பத்து பூத்தே எப்படிக் கைமாறியது: பட்டர்வொர்த் டியூஷன் வகுப்பில் தொடங்கிய ஒரு வழக்கு ஆய்வு

பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டு மாடியில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் டியூஷன் எடுக்கிறேன். வரலாறும் புவியியலும். அன்றைக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். மலேசியாவின் வெற்று வரைபடத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்து, அண்டை நாடுகளுக்கு நிறம் தீட்டச் சொன்னேன்: தரையில் நம்மை ஒட்டியிருந்தால் சிவப்பு, கடல் வழியாக மட்டும் அண்டை என்றால் நீலம். அரை மணி நேரத்தில் முடியும் என்று நினைத்துக் கொடுத்த பயிற்சி மூன்று வாரம் இழுத்தது. அந்த மூன்று வாரத்தில் நாங்கள் தேடிப் படித்ததை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன், ஏனென்றால் ஜொகூருக்குக் கிழக்கே கடலில் இருக்கிற, மலேசியாவும் சிங்கப்பூரும் உரிமை கேட்ட பத்து பூத்தே என்ற பாறையைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திகளில் பாதிக்கு மேல் தப்பாக இருக்கிறது, பிள்ளைகள் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

சிவப்பில் பெரிய சிக்கல் இல்லை. வடக்கே தாய்லாந்து, போர்னியோவில் இந்தோனேசியா, அப்புறம் புருணை. மூன்றே நாடுகள். வகுப்பில் பாதிப்பேர் ஹட்ஜாய் போய்வந்தவர்கள், அதனால் பாடாங் பெசார் நன்றாகத் தெரியும். ஒரே ரயில் நிலையத்துக்குள் நம் குடிநுழைவும் அவர்கள் குடிநுழைவும் இருக்கும், இரண்டு முத்திரையும் குத்தி முடித்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிக்கொள்ள வேண்டும். அந்தக் கோடு 1909-இல் பாங்காக்கில் பிரிட்டனும் சயாமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வந்தது. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு இந்தப் பக்கம் வந்தன, சத்தூனும் பத்தானியும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. கோட்டின் பெரும்பகுதி மலைமுகட்டில் மழைநீர் இரண்டாகப் பிரிந்து ஓடும் மேட்டை ஒட்டியே போகிறது. கிழக்கே இறங்கியதும் கோலோக் ஆறுதான் எல்லை. புருணைக்குச் சிவப்பு தீட்டும்போது மட்டும் ஒரு பையன் தடுமாறினான், அந்த நாடு இரண்டு துண்டாக இருக்கிறதே என்று. நடுவில் சரவாக்கின் லிம்பாங் வந்து விழுகிறது, 1890-இல் சார்ல்ஸ் புரூக் அதைச் சரவாக்கோடு சேர்த்துக்கொண்டதன் தடம் இன்றைக்கும் வரைபடத்தில் அப்படியே தெரிகிறது.

சிங்கப்பூருக்கு என்ன நிறம் என்பதில்தான் முதல் சண்டை. "பாலத்துல நடந்தே போலாமே சார், அப்போ தரைதானே?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஜொகூர் பாலம் 1920-களில் கடலில் கல்லைக் கொட்டிப் போட்ட பாதை, அதற்கு அடியில் இருக்கிற எல்லை நீரில்தான் ஓடுகிறது. 1927-இல் பிரிட்டிஷாரும் ஜொகூரும் செய்துகொண்ட ஒப்பந்தம் நீரிணையின் ஆழமான பாதையின் நடுவை எல்லையாக எடுத்தது. ஆழம் மாறும், மணல் சேரும், அதனால் 1995-இல் மலேசியாவும் சிங்கப்பூரும் உட்கார்ந்து அந்த நடுக்கோட்டைப் புள்ளி புள்ளியாக ஆயத்தொலைவு கொடுத்து நிறுத்தி, இனி ஆழம் எப்படி மாறினாலும் கோடு நகராது என்று எழுதிக்கொண்டார்கள். ஆக சிங்கப்பூர் நீலம். வியட்நாம், பிலிப்பைன்ஸ் இரண்டும் நீலம். தென்சீனக் கடலில் சீனாவின் உரிமைக்கோரல் நம்முடையதன் மேல் வந்து விழுகிறது, அதை நிறத்தால் காட்ட முடியாது என்று சொல்லி ஓரத்தில் குறிப்பாக எழுதச் சொன்னேன்.

சரி, அதோடு முடிந்தது என்று தாள்களை வாங்கப் போனேன். படிவம் இரண்டு படிக்கிற ஒரு மாணவி தன் தாளைக் கொடுக்கவில்லை. ஜொகூருக்குக் கிழக்கே, சிங்கப்பூர் நீரிணை தென்சீனக் கடலில் திறக்கிற வாயில் ஒரு சின்னப் புள்ளி வைத்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். அவள் மாமாவின் பழைய அட்லஸில் அது மலேசியாவின் நிறத்தில் இருந்ததாம், டேப்லெட்டில் தேடினால் சிங்கப்பூர் என்று வருகிறதாம். "இது யாரோடது சார்?" அவள் காட்டியது பத்து பூத்தே.

அவளை அழைத்துப்போக வந்திருந்த தாத்தா வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர், நில அளவை இலாகாவில் கூலியாளாகச் சேர்ந்து முப்பது வருடம் காடு மேடெல்லாம் சங்கிலி இழுத்தவர், பாராங்கால் புதர் வெட்டி எல்லைக்கல் நட்டவர். அவர்தான் பதில் சொன்னார். "அது ஜொகூர் சுல்தானோட இடம் சார். கிராண்ட்டுல பேரு இருக்குன்னா இருக்குதான். அடுத்தவன் வந்து விளக்கு வெச்சிட்டா அவனோடதாயிருமா?"

அவருடைய கேள்வி என்னை அன்று இரவு பெர்ரியில் தீவுக்குத் திரும்பும்போதும் விடவில்லை. (அந்தப் பெர்ரி கடக்கிற கால்வாயே ஒரு காலத்தில் எல்லைதான். 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் இறங்கியது முதல் 1800-இல் கம்பெனி பட்டர்வொர்த் இருக்கிற செபராங் பிறையை வாங்கியது வரை, பட்டர்வொர்த் பக்கம் கெடா, ஜார்ஜ் டவுன் பக்கம் கம்பெனி.) நம் நாட்டு நிலச் சட்டப்படி தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 341-ஆம் பிரிவு, அடுத்தவர் எத்தனை வருடம் உங்கள் நிலத்தில் குடியிருந்தாலும் அதை வைத்து நீங்கள் நிலத்தை மீட்கும் வழக்கைத் தடுக்க முடியாது என்கிறது. கிராண்ட்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், பெயர் யாருடையதோ நிலம் அவருடையது. அடுத்த வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டாலும், நீங்கள் வாயைத் திறக்காமல் இருபது வருடம் இருந்தாலும், அளந்து கல்லைக் காட்டினால் நிலம் திரும்பும். அந்த நம்பிக்கையில்தான் நாம் எல்லோரும் பத்து பூத்தேயைப் பார்க்கிறோம். நாடுகளுக்கு இடையே சட்டம் அப்படி இல்லை. அங்கே கிராண்ட் கொடுக்கிற அலுவலகம் கிடையாது. நான் இந்த வழக்கிலிருந்து பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பியது இந்த ஒரு வேறுபாட்டைத்தான்.

பாறையும் விளக்கும்

முதலில் இடம். பத்து பூத்தே என்றால் வெள்ளைப் பாறை, போர்த்துகீசியர் வைத்த பெட்ரா பிராங்கா என்ற பெயருக்கும் அதே பொருள். கடற்பறவைகளின் எச்சம் காய்ந்து வெளுத்துக் கிடந்ததால் வந்த பெயர். நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர், கடல் வற்றியிருக்கும்போது பரப்பளவு 8,560 சதுர மீட்டர். ஒரு பள்ளிக்கூடத் திடலை விடப் பெரிதாகச் சொல்ல முடியாது. சிங்கப்பூருக்குக் கிழக்கே 24 கடல் மைல். ஜொகூரிலிருந்து 7.7 கடல் மைல், எதிரே இந்தோனேசியாவின் பிந்தான் தீவிலிருந்து 7.6. இந்தத் தூரங்களைப் பலகையில் எழுதியதும் ஒரு பையன் சொன்னான், "அப்போ தூரத்தை வெச்சுப் பார்த்தா சிங்கப்பூர்தானே கடைசி?" ஆமாம். தூரத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வதென்றால் வழக்கே தேவைப்பட்டிருக்காது.

அங்கிருந்து 0.6 கடல் மைல் தெற்கே மலாய் மொழியில் பத்துவான் தெங்ஙா என்கிற நடுப்பாறைகள், எப்போதும் நீருக்கு மேலே இரண்டடி முதல் நான்கடி வரை தலைகாட்டுபவை. 2.2 கடல் மைல் தள்ளி துபிர் செலாத்தான் என்ற தெற்குத் திட்டு, கடல் வற்றும்போது மட்டும் தெரியும். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதுதான் முதல் தப்பு. வழக்கை விசாரித்த த ஹேக் அனைத்துலக நீதிமன்றம் மூன்றுக்கும் மூன்று பதில் சொன்னது.

இந்தக் கடல்வழி சீனாவுக்குப் போகும் கப்பல்களின் வழி. பாறையில் மோதி எத்தனையோ கப்பல்கள் உடைந்தன. கடல்வழிகளை வரைந்து கொடுத்த ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் நினைவாக ஒரு கலங்கரை விளக்கம் கட்ட வேண்டும் என்று வணிகர்கள் பணம் திரட்டினார்கள். 1844-இல் சிங்கப்பூர் ஆளுநர் இதைப் பற்றி ஜொகூர் ஆட்சியாளர்களுக்கு எழுதினார், அவர்களும் சம்மதித்து பதில் போட்டார்கள். 1850-இல் வேலை தொடங்கி 1851-இல் விளக்கு எரிந்தது. அந்தக் கடிதப் போக்குவரத்தில் ஜொகூர் இடத்தை விட்டுக்கொடுத்ததா, விளக்குக் கட்ட மட்டும் அனுமதி தந்ததா என்பது தெளிவாக இல்லை, அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்றுதான் அனைத்துலக நீதிமன்றமும் பின்னால் சொன்னது.

அதற்கு முன்னால் அந்தப் பாறை யாருடையது? இதில் மலேசியா முழுதாக ஜெயித்தது. சிங்கப்பூரின் வாதம், அது யாருக்கும் சொந்தமில்லாத பாறை, பிரிட்டிஷார் வந்து விளக்குக் கட்டியதால் அவர்களுடையதானது என்பது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பழைய ஜொகூர் சுல்தானகத்தின் கடல் அந்த நீரிணை முழுவதும் பரவியிருந்தது, அங்கே படகிலேயே வாழ்ந்து மீன்பிடித்த ஒராங் லாவுட் மக்கள் சுல்தானின் குடிகள், ஆகவே பாறையும் சுல்தானுடையது, 1824-இல் பிரிட்டிஷாரும் டச்சுக்காரர்களும் மலாய் உலகத்தைப் பங்குபோட்டுக்கொண்டபோதும் அது ஜொகூர் பக்கம்தான் நின்றது என்று தீர்ப்பில் இருக்கிறது. இதைப் படித்துக் காட்டியபோது தாத்தா மேசையில் கையைத் தட்டினார். "நான் சொன்னேன்ல?" சொன்னது சரிதான். அதற்கப்புறம் நடந்ததைத்தான் அவருக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒரு வரிக் கடிதம்

1953 ஜூன் 12. சிங்கப்பூர் காலனிச் செயலாளர் அலுவலகம் ஜொகூருக்கு ஒரு கடிதம் போடுகிறது. காலனியின் கடல் எல்லையை வரையறுக்க வேண்டியிருக்கிறது, அந்த விளக்குப் பாறையின் நிலை என்ன, அதைக் குத்தகைக்குக் கொடுத்தீர்களா, விட்டுக்கொடுத்தீர்களா, ஏதாவது ஆவணம் இருக்கிறதா என்று விவரமாகக் கேட்கிறது. கேட்ட கேள்வியிலேயே விஷயத்தின் கனம் தெரிகிறது: கடல் எல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 21-ஆம் தேதி, ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் அனுப்புகிறார். அதில் விஷயம் ஒரே வாக்கியம்தான்: ஜொகூர் அரசாங்கம் பெட்ரா பிராங்காவின் மீது சொந்தம் கொண்டாடவில்லை. நிபந்தனை கிடையாது. விளக்குக்கு மட்டும்தான் என்ற விளக்கமும் கிடையாது.

நீதிமன்றத்தில் மலேசியா இந்த வாக்கியத்தோடு மிகவும் போராடியது. சொந்தம் என்பது வேறு, இறையாண்மை வேறு, ஒருவர் என் நிலத்தில் வீடு கட்டி வைத்திருந்தால் வீடு அவர் சொந்தம், நாடு என்னுடையது என்று வாதாடினார்கள். அந்த அதிகாரிக்கு நாட்டின் பகுதியை விட்டுக்கொடுக்க அதிகாரமே கிடையாது என்றும் சொன்னார்கள். இரண்டாவது வாதத்தில் எனக்கே அனுதாபம் உண்டு, ஒரு தற்காலிகச் செயலாளர் கையெழுத்தில் போகிற விஷயமா இது என்று வயிறு எரிகிறது. ஆனால் நீதிமன்றம் பார்த்த கோணம் வேறு. கேள்வி இறையாண்மையைப் பற்றியது, பதிலும் அதைப் பற்றியதாகத்தான் இருக்க முடியும். அந்தக் கடிதம் பாறையைக் கொடுத்தது என்று அவர்கள் சொல்லவில்லை. 1953-இல் ஜொகூரே அதைத் தன்னுடையது என்று நினைத்திருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி என்றார்கள். பாறை கைமாறியது அதற்குப் பின்னால் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான்.

பின்னால் நடந்தது என்ன? பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் விஷயம். 1957-இல் மலாயா விடுதலை அடைந்தது, 1963-இல் மலேசியா, 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தது. இந்தக் காலம் முழுவதும் சிங்கப்பூர் விளக்கை நடத்தியது, அதன் கொடி அங்கே பறந்தது, அந்தக் கடலில் கப்பல் மோதினால் விசாரணை நடத்தியது. 1974-இல் நீர் ஏற்ற இறக்க ஆய்வுக்கு ஒரு குழு பாறைக்குப் போக வேண்டியிருந்தது, அதில் நம் ஆட்களும் இருந்தார்கள். யார் யார் வருகிறார்கள், பெயர் என்ன, பாஸ்போர்ட் எண் என்ன என்று சிங்கப்பூர் கேட்டது. நம் பக்கத்திலிருந்து யாரும், எங்கள் பாறைக்குப் போக உங்களிடம் எதற்குப் பாஸ்போர்ட் எண் கொடுக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்கவில்லை.

எனக்கு மிகவும் உறுத்திய விஷயம் வரைபடங்கள். 1962 முதல் 1975 வரை நம்முடைய அளவைத் துறையே வெளியிட்ட ஆறு வரைபடங்களில் அந்தப் பாறையின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் சிங்கப்பூர் என்று அச்சாகியிருந்தது. நாம் அச்சிட்டது. தாத்தாவுக்கு இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தக் காலத்து வரைபடங்களுக்காகச் சங்கிலி இழுத்தவர்களில் அவரும் ஒருவர். "கல்லை ஒரு அடி தள்ளி நட்டா எங்க மேஸ்திரி மறுபடியும் தோண்டச் சொல்லுவாரு சார். இவ்வளவு பெரிய தப்பு ஆறு தடவையா?" என்றார்.

வாழைத் தீவின் கொடி

விளக்கு வைத்தவனுக்குத் தீவு சொந்தம் என்று யாராவது சொன்னால் அவர்களுக்குப் பூலாவ் பீசாங்கைக் காட்டுங்கள். ஜொகூரின் மேற்குக் கரையில், மலாக்கா நீரிணையில் இருக்கிறது, வாழைப்பழத் தீவு என்று பெயர். அங்கே இருக்கிற கலங்கரை விளக்கத்தையும் சிங்கப்பூர்தான் இன்றைக்கும் நடத்துகிறது. ஆனால் தீவு மலேசியாவுடையது, அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஏன்? 1900-இல் ஜொகூர் சுல்தான் விளக்குக்கான நிலத்தை மட்டும் எழுத்தில், அளந்து, ஒப்பந்தமாகக் கொடுத்தார். தாத்தா பாஷையில் சொன்னால் கிராண்ட் தெளிவாக இருந்தது.

அங்கே 1968-இல் ஒரு சம்பவம். விளக்கத்தின் மேல் சிங்கப்பூரின் கடற்கொடி பறப்பதைப் பார்த்து, இது மலேசிய மண், கொடியை இறக்குங்கள் என்று மலேசியா கேட்டது. சிங்கப்பூர் இறக்கிவிட்டது. அதே வருடம், அதே கொடி, பத்து பூத்தேயிலும் பறந்துகொண்டிருந்தது. அதை இறக்கச் சொல்லி மலேசியா ஒரு கடிதம்கூடப் போடவில்லை. நாற்பது வருடம் கழித்து த ஹேக்கில் நீதிபதிகள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கேட்கத் தெரிந்த நாடு ஒரு பாறையில் கேட்டு இன்னொன்றில் கேட்காமல் விட்டால், அந்த மௌனத்துக்கும் ஓர் அர்த்தம் உண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். வகுப்பில் நான் இந்தப் பகுதியை இரண்டு முறை சொன்னேன்.

பிறகு 1979 டிசம்பரில் மலேசியா தன் கடல் எல்லைகளைக் காட்டும் புதிய வரைபடம் வெளியிட்டது, அதில் பத்து பூத்தே மலேசியாவுக்குள். மாமாவின் அட்லஸ் அந்த வழியில் வந்தது. 1980 பிப்ரவரி 14-ஆம் தேதி சிங்கப்பூர் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. இரண்டே மாதத்தில். அந்தத் தேதியைத்தான் நீதிமன்றம் தகராறு பிறந்த நாளாக எடுத்தது, அதற்குப் பின்னால் யார் என்ன செய்தாலும் கணக்கில் பெரிதாக வராது. பல வருடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2003-இல் புத்ராஜெயாவில் இரு நாடுகளும் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்டன.

தீர்ப்பு 2008 மே 23. பத்து பூத்தே சிங்கப்பூருக்கு, 12 பேர் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு. முதலில் ஜொகூருடையதாக இருந்த பாறை 1980-க்குள் சிங்கப்பூருக்குக் கைமாறிவிட்டது என்பது அதன் சாரம். நடுப்பாறைகள் மலேசியாவுக்கு, 15-க்கு 1. காரணம் எளிமையானது: சிங்கப்பூரின் விளக்கு, கொடி, விசாரணை, கடிதம் எல்லாம் பெரிய பாறையைப் பற்றியவை, நடுப்பாறைகளைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை, அதனால் சுல்தானின் பழைய உரிமை அங்கே அப்படியே நிற்கிறது. தெற்குத் திட்டு யாருடைய கடலுக்குள் வருகிறதோ அவர்களுக்கு என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். கடல் எல்லையை வரையச் சொல்லி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஆக, "மலேசியா எல்லாவற்றையும் இழந்தது" என்ற செய்தி தப்பு. நடுப்பாறைகள் நம்முடையவை, அங்கே மலேசியா கடல்சார் தளம் ஒன்றும் கட்டியிருக்கிறது. "நீதிமன்றம் ஜொகூரின் உரிமையை மறுத்தது" என்பதும் தப்பு, அந்த உரிமையை அவர்கள் எழுத்தில் ஏற்றார்கள்.

கிழக்கே இன்னொரு வழக்கு

வகுப்பில் கோபம் நிறைய இருந்தது. வெளிநாட்டு நீதிபதிகள் நமக்கு எதிராக இருந்தார்கள் என்று ஒரு பையன் சொன்னான், அவன் வீட்டில் அப்படிப் பேசியிருக்கிறார்கள். அடுத்த வாரம் சிப்பாடானை எடுத்தேன். சபாவின் தென்கிழக்கே, செம்பொர்ணாவிலிருந்து படகில் முக்குளிப்பவர்கள் போகிற தீவு. அதற்கும் பக்கத்து லிகித்தானுக்கும் இந்தோனேசியா உரிமை கேட்டது. அங்கே 1891-இல் பிரிட்டிஷாரும் டச்சுக்காரர்களும் போட்ட எல்லை, 4 பாகை 10 கலை வடக்கு என்ற கோடு, செபாத்திக் தீவை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது, அந்தத் தீவு இன்றைக்கும் பாதி நமக்கு, பாதி அவர்களுக்கு. அந்தக் கோட்டைக் கிழக்கே கடலுக்குள் நீட்டினால் இரண்டு தீவுகளும் எங்கள் பக்கம் என்றது இந்தோனேசியா. கோடு கடலுக்குள் நீளவில்லை என்றது நீதிமன்றம். மலேசியா, சூலு சுல்தானிடமிருந்து வரிசையாகக் கைமாறி வந்த உரிமை எங்களுடையது என்றது. அதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. இரண்டு பக்கமும் கிராண்ட் இல்லை.

அப்புறம் எதை வைத்து முடிவு? ஆமை முட்டை. 1917-இல் பிரிட்டிஷார் ஆண்ட வட போர்னியோவில் (இன்றைய சபா) ஆமைகளைப் பாதுகாக்கவும் முட்டை எடுப்பதைக் கட்டுப்படுத்தவும் ஒரு சட்டம் வந்தது, யார் எந்தத் தீவில் முட்டை எடுக்கலாம் என்று அதிகாரிகள் உரிமம் கொடுத்தார்கள், சிப்பாடான் முட்டைக்குச் சண்டை வந்தபோது அவர்கள்தான் தீர்த்துவைத்தார்கள். 1933-இல் சிப்பாடானைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தார்கள். 1962-லும் 1963-லும் இரண்டு தீவிலும் கலங்கரை விளக்கம் கட்டினார்கள். இத்தனையும் நடந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து எதிர்ப்பு வரவில்லை. 1960-இல் இந்தோனேசியா தன் தீவுக்கூட்டத்தின் எல்லைப் புள்ளிகளைச் சட்டமாக வெளியிட்டபோது இந்த இரண்டு தீவையும் சேர்க்கவில்லை. 2002 டிசம்பர் 17 அன்று 16-க்கு 1 என்று மலேசியாவுக்குத் தீர்ப்பு.

பிள்ளைகளிடம் இரண்டு வழக்கையும் ஒரே பலகையில் எழுதினேன். இங்கே நாம் உரிமம் கொடுத்தோம், அடுத்தவர் பேசவில்லை, தீவு நமக்கு. அங்கே அவர்கள் விளக்கு எரித்தார்கள், நாம் பேசவில்லை, நம்முடையது இல்லை என்று ஒரு கடிதமும் கொடுத்தோம், பாறை அவர்களுக்கு. அதே நீதிமன்றம், ஆறு வருட இடைவெளி. வீட்டில் கேட்டதைச் சொன்ன பையன் பலகையை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "அப்போ ஒரு கிளார்க் ஒழுங்கா ஃபைல் பார்த்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

அதற்குப் பிறகு

வழக்கு 2008-இல் முழுதாக முடியவில்லை. புதிய உண்மை கிடைத்தால் தீர்ப்பைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம் என்று நீதிமன்றத்தின் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் தீர்ப்பு வந்து பத்து வருடத்துக்குள், உண்மை கிடைத்து ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். 2017 பிப்ரவரியில் மலேசியா கேட்டது. லண்டனில் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த மூன்று தாள்களை வைத்து, 1953-க்குப் பிறகும் சிங்கப்பூர் அதிகாரிகளே பாறையைத் தங்களுடையது என்று நம்பவில்லை என்று காட்ட முயன்றது. அந்த வாதம் எப்படி முடிந்திருக்கும் என்று சொல்வதற்கு வழியில்லை, ஏனென்றால் அது கேட்கப்படவே இல்லை. 2018 மே 9 தேர்தலில் ஆட்சி மாறியது, மே மாத இறுதியில் புதிய அரசாங்கம் விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டது. பத்து வருடக் கெடு மே 23-ஆம் தேதியே முடிந்துவிட்டிருந்தது. மீட்டுக்கொண்ட முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று விசாரிக்க 2024-இல் அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அரசியலைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும், நான் வகுப்பில் அதைப் பேசவில்லை. கெடு என்ற ஒன்றை மட்டும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளும்படி சொன்னேன், பள்ளிக்கூடத் திட்டப்பணிக்கு மட்டும் கெடு என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

எல்லாத் தகராறும் நீதிமன்றத்துக்குப் போவதில்லை, அதையும் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு ஒருபக்கமாகிவிடும். நம் வடகிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் லோசின் என்ற ஒரு துளிப் பாறை இருக்கிறது. அதிலிருந்து கடல் எல்லையை அளக்கலாம் என்றது தாய்லாந்து, கூடாது என்றது மலேசியா. அளவு மாறியதில் 7,250 சதுர கிலோமீட்டர் கடல் இருவர் கோட்டுக்கும் நடுவில் விழுந்தது, அடியில் எரிவாயு. 1979-இல் இரண்டு நாடும், யாருடையது என்ற கேள்வியை ஒத்திவைத்து, கிடைப்பதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளச் சம்மதித்தன. அதற்கான கூட்டு ஆணையத்தின் அலுவலகம் கோலாலம்பூரில் இருக்கிறது. அதாவது, அங்கே இன்றைக்கும் இறுதிக் கோடு இல்லை, ஆனால் வாயு வருகிறது. தாத்தாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. நிலத்தகராறில் இரண்டு பக்கமும் சேர்ந்து மரத்துப் பழத்தைப் பங்கு போட்டுக்கொண்ட குடும்பங்களைத் தானே பார்த்திருப்பதாகச் சொன்னார்.

மூன்றாவது வாரம் எல்லோருக்கும் புது வரைபடம் கொடுத்தேன். முதல் வாரம் கேள்விக்குறி போட்ட மாணவி இந்த முறை கடைசியாகத்தான் முடித்தாள். ஜொகூரின் கிழக்கே அவள் தாளில் இப்போது மூன்று புள்ளிகள். பெரியதற்குச் சிங்கப்பூரின் நிறம், பக்கத்தில் 1953 என்று சின்ன எழுத்தில். நடுவில் இருப்பதற்கு மலேசியாவின் நிறம். தெற்குத் திட்டுக்கு என்ன நிறம் என்று தாத்தாவிடம் கேட்டாள், அவர் என்னைப் பார்த்தார். இரு நாட்டுக்கும் இடையே அந்தக் கடலில் கோடு இன்னும் வரையவில்லையே என்று சொன்னேன். அவள் பென்சிலை எடுத்து அதைச் சுற்றிப் புள்ளிக்கோட்டால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே வெள்ளையாகவே விட்டுவிட்டுத் தாளைக் கொடுத்தாள்.